ஒளிப்படமும் ஓர் ஆவணமே

கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் தம் வாழ்வைப் பதித்து வைத்தவர் தமிழர். சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக் குளத்தைத் தீட்டியவனின் பெயரை நாம் அறியோம். ஆயினும் அவன் தீட்டிய குளத்தை இன்றும் காண்கின்றோம். தூரிகை இருந்த இடத்தில் இன்று கைப்பேசி இருக்கின்றது. நொடிக்கொரு படம் எடுக்கின்றோம். எடுத்தல் எளிதாயிற்று, அதனை ஆவணமாக்குதலும் அவ்வாறே எளிதாயிற்றா? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாகும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தோன்றியது. அதற்கும் பிறமொழிக் கலைக்களஞ்சியங்களுக்கும் வேண்டிய படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகம் 2004இல் தொடங்கப்பெற்றது. 2011–12இல் தமிழ் விக்கி ஊடகப் போட்டி நடைபெற்று, ஆர்வலர் பலரைப் படம் எடுக்கத் தூண்டியது. இப்பணியில் புதிதாய் இறங்கும் மாணவர்க்கு வழிகாட்டும் வாய்ப்பு நமக்கும் கிட்டியது. அவர்களுட் பெரும்பாலோர் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளைச் சேர்ந்தவர். எனவே, அவர்கள் ஊரையே படமெடுக்கப் பணித்தோம்.

காரணம் உண்டு. 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்தே வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. மோட்டார் வாகனத் தொழிலும் மோட்டார் சைக்கிள் தொழிலும் விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வேரூன்றின. 1970 முதல் மின்சாரம் தந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. இத்தகைய வரலாறு கொண்ட மண்ணை வெளியுலகம் எவ்வாறு அறிகின்றது? புகையாகவும், அரிவாளாகவும், திரைப்படத்தின் சண்டைக் காட்சியாகவுமே பெரிதும் அறிகின்றது. இப்பிழையைத் திருத்த வல்லவர் அம்மண்ணின் மக்களே. அவர்கள் தரும் படம் தரங்குன்றியிருந்தால் அவர்தம் சாட்சியம் அவைக்கு எட்டாது போகும்.

தரம் என்பது விலையுயர்ந்த கருவியைப் பொறுத்ததன்று. பொதுவகத்தில் ‘தரமான படம்’ என்னும் மதிப்பைப் பெறக் குறைந்தது இருபது இலட்சம் படப்புள்ளிகள் வேண்டும். இன்றைய எளிய கைப்பேசியும் இவ்வளவைத் தாண்டிவிடும். அவ்வாறாயின் நம் மாணவர் தந்த படங்கள் சிறுத்துப் போனது ஏன்? வாட்சப் வழியாக அனுப்பியதே காரணம். அது படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த நாள், நேரம், கருவி ஆகிய குறிப்புகளையும் நீக்கிவிடுகின்றது. எடுத்த கோப்பை எடுத்தவாறே பதிவேற்றுக என்பது நம் முதல் அறிவுரை. சிறிய படத்தைச் செயலிகொண்டு பெரிதாக்குதல் பயன் தராது; இல்லாத நுணுக்கத்தை இயந்திரம் கற்பனையால் நிரப்பும். கலைக்களஞ்சியத்திற்குக் கற்பனை ஆகாது.

அடுத்தது ஒளி. நம் கடல் கிழக்கில் உள்ளது. கிழக்கு நோக்கிய கட்டடத்தை மாலையில் எடுத்தால் முகப்பு இருண்டு, வானம் மட்டும் வெளுத்து நிற்கும். காலையில் எடுத்தால் செங்கல்லின் நிறமும் தெரியும். காசிமேட்டில் உப்புக்காற்றும் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிப் புழுதியும் கண்ணாடி வில்லையில் படியும். பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தலே பாதிக் குறையைப் போக்கும். தூண்களும் சுவர்களும் சாயாதிருத்தல் வேண்டும். படத்தின் மீது தம் பெயரையோ தேதியையோ பொறித்தல் கூடாது. பெயருக்குரிய இடம் விவரப் பக்கமாகும்.

விவரமின்றி வரும் படம் பெயர் பொறிக்காத நடுகல் போன்றது. கருவி தானே இட்ட எண்ணைக் கோப்பின் பெயராக விடாமல், எந்த இடம், எப்பொருள், எந்த ஆண்டு என்பது விளங்கப் பெயரிடுதல் வேண்டும். ‘படகு’ என்று எழுதுவதைவிட, அது கட்டுமரமா, நாரிழைப் படகா, விசைப்படகா என்று எழுதுவதே அறிவு. இவ்வகையில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நமக்கே ஆசிரியராயினர் எனின் மிகையாகாது.

இனி, உரிமை பற்றியது. திரைப்பட ஆர்வம் மாணவர்க்கு இயல்பு. வடசென்னைக் குத்துச்சண்டையைக் கூறும் ‘சார்பட்டா பரம்பரை’ 2021இல் வெளிவந்தபின், அதன் காட்சிகளைத் திரையிலிருந்து எடுத்துச் சேர்க்க விரும்பியோர் பலர். பிறர் எடுத்த படம் நம்முடையதாகாது. பொதுவகம் அதனை ஏற்பதில்லை. திரைப்படக் கட்டுரைக்கென ஒரு சுவரொட்டியை நியாயப் பயன்பாடு என்ற முறையில் தமிழ் விக்கிப்பீடியாவில் தனியே சேர்க்கலாம். ஆனால், அங்கே படம் சிறியதாகவே இருத்தல் வேண்டும். உரிமையாளரின் வணிகத்திற்கு ஊறு நேராதிருக்கவே இவ்விதி. ஆகவே, தரம் என்பது எங்கும் ‘பெரியது’ என்னும் பொருள் தருவதன்று. இடத்திற்கும் உரிமைக்கும் ஏற்றது என்பதே அதன் பொருள். நம் படத்தை நாமே வழங்கும்போதும், எவரும் அதனை வணிகத்திற்கும் பயன்படுத்தலாம் என்பதனை உணர்ந்தே வழங்குதல் நன்று.

உரிமைக்கு அப்பால் கண்ணியம் ஒன்றுண்டு. துறைமுகம், மின்நிலையம் முதலியவற்றின் உள்ளே இசைவின்றிப் படமெடுத்தல் ஆகாது. ஏலக்கூடத்தில் மீன் விற்கும் தாயிடம், “அம்மா, எடுக்கலாமா?” என்று கேட்டபின்னரே கைப்பேசியை உயர்த்த வேண்டும். இறையில்லங்களில் வழிபடுவோர் முகம் தவிர்க்கப்பட வேண்டும். பிறர் முகம் நம் கையில் ஓர் அமானிதம்.

இத்தனையும் கூறும்போது வழிகாட்டுவோர்க்கு வரும் இடர் ஒன்றுண்டு. நம் மாணவர் ஒருவரின் பதினொரு படங்கள் ஒரே நாளில் நீக்கத்திற்குப் பரிந்துரைக்கப்பட்டன. பத்து, உறவினர் அனுப்பியவை. அவை நீங்கியது முறையே. பதினொன்றாவது, பழைய கைப்பேசியில் அவரே எடுத்தது. 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்றல்லவா? அப்போது தம் தந்தையின் படகு விளிம்பில் படிந்த கரும்படலத்தை அவர் எடுத்திருந்தார். சற்றே மங்கல்; சற்றே சாய்வு. “எங்கள் படமெல்லாம் இதற்குப் போதாது, ஐயா” என்று கூறி, அவர் விலக எண்ணினார்.

அவரை இருத்திக்கொள்ள நாம் சொன்னது இதுவே: “தம்பி, பொதுவகத்தில் ‘தரமான படம்’ ஒரு வரிசை, ‘மதிப்புமிக்க படம்’ வேறொரு வரிசை. முன்னது கைத்திறனை அளக்கும். பின்னது ஒரு பொருளை விளக்கப் படம் எவ்வளவு பயன்படுகின்றது என்பதை அளக்கும். அந்நாளில் அப்படகருகே நின்றவர் நீர். நாளை ஒருவர் உயர்ந்த கருவியோடு வரலாம்; அந்நாள் திரும்பி வாராது.” இடமும் நாளும் சேர்த்து விவரம் எழுதினார்; மூலக் கோப்பையே மீண்டும் ஏற்றினார்; நீக்கப் பரிந்துரையின் கீழ்த் தம் விளக்கத்தைத் தாமே தமிழில் இட்டார். படம் நிலைத்தது. இன்று புதியோர்க்கு வில்லை துடைக்கக் கற்பிப்பவரும் அவரே.

எனவே, மூத்தோர் இரண்டினைக் கருதுதல் வேண்டும். விதியைத் தளர்த்தினால் களஞ்சியம் குப்பையாகும். விதியை மட்டும் நீட்டினால் எளியோர் வாசலிலேயே நின்றுவிடுவர். குறையைக் கூறுமுன் நிறையைக் கூறுக. நீக்குமுன் காரணத்தை அவர் மொழியில் விளக்குக. மீண்டும் எடுக்கக்கூடிய காட்சியாயின் மீண்டும் எடுக்கச் சொல்லுக. மீளாத காட்சியாயின் மங்கலாயினும் காத்து வைக்குக.

மாணவச் செல்வங்களே! உங்கள் தெருவின் பழைய வீடு இடியுமுன், உங்கள் கரையை அலை அரித்துக் கொள்ளுமுன், முறையோடு ஒரு படம் எடுங்கள். எடுத்தவர் பெயர் மறையலாம்; எடுத்த உண்மை நிற்கும்.