சின்ன சரிவுதான்!

பனிச்சரிவுன்னா நமக்கு இங்கிலீஷ் படம்தான் ஞாபகம் வரும். மலையே இடிஞ்சு வர்ற மாதிரி சத்தம், ஹீரோ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓடுவாரு. சியாட்டிலுக்கு வந்த பிறகுதான் விஷயம் வேறன்னு தெரிஞ்சுது. ஆளைக் கொல்ற சரிவுகள்ல 10-க்கு 9, மாட்டிக்கிட்டவரோ கூட வந்தவரோ கிளப்பி விட்டதுதானாம்!

பனி அடுக்கடுக்கா சேருது. நடுவில ஒரு அடுக்கு மட்டும் சர்க்கரை மாதிரி ஒட்டாம பொலபொலன்னு கிடக்கும். அதுக்கு மேல கெட்டியா ஒரு பலகை. 30-லேர்ந்து 45 டிகிரி சரிவுல ஒருத்தரோட எடையே போதும், அடியில இருக்கறது நொறுங்கி மேல்பலகை அப்படியே வழுக்கிடும். ஸ்கீ ரிசார்ட்ல வெடி வச்சு முன்னாடியே சரிச்சு விட்டுடுவாங்க. எல்லைக்கு வெளியே, சொந்தக் கால்ல மலையேறி சறுக்குறவங்களுக்கு அந்த வசதி கிடையாது.

எங்க டீம்ல ஒருத்தர் அந்த ரகம். ஒரு திங்கட்கிழமை லஞ்ச்ல சொன்னார்: வளைஞ்சு திரும்பும்போது காலடியில விரிசல் விட்டு, ஒரு கார் நிறுத்துற இடமளவு பனி நழுவி, கொஞ்ச தூரம் போய் நின்னுடுச்சாம். "சின்னதுதான், ஒண்ணும் ஆகலை." எல்லாரும் சிரிச்சோம்.

அந்த "ஒண்ணும் ஆகலை"தான் என்னை உறுத்துது. அதே பனி ஒரு பாறை விளிம்புக்கு மேல நழுவியிருந்தா ஆளைத் தள்ளியிருக்கும். கீழ குறுகலான ஓடைப்பள்ளம் இருந்தா மேல குவிஞ்சு மூடியிருக்கும். புதைஞ்சவரை முதல் 10 நிமிஷத்துல எடுத்தா பெரும்பாலும் பிழைச்சுக்குவார், அப்புறம் வாய்ப்பு மளமளன்னு குறையுது. ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் தாங்காது. கூட இருக்கறவர் கையில சிக்னல் கருவி, துழாவுற கம்பி, மண்வாரி இருந்தாத்தான் உண்டு.

நாம தப்பா கோட் எழுதினா கம்பைலர் கத்தும். மலை கத்தாது. தப்பான முடிவெடுத்தாலும் முக்கால்வாசி நாள் பத்திரமா வீட்டுக்கு அனுப்பிடும். அதனால அனுபவம் கூடக்கூட அசட்டுத் துணிச்சலும் கூடும். இயான் மெக்கமன்னு ஒருத்தர் அமெரிக்க விபத்துகளை அலசிப் பார்த்தார். பழகின இடத்துல, பயிற்சி உள்ளவங்களும் இல்லாதவங்க அளவுக்கே ஆபத்துல காலை விடுறாங்களாம். 2012 பிப்ரவரியில, இங்கேர்ந்து ரொம்ப தூரமில்லாத ஸ்டீவன்ஸ் பாஸ் பக்கம் டன்னல் க்ரீக்ல மூணு பேர் செத்துப்போனாங்க. அந்தக் குழுவில பலருக்கு அந்த மலை அத்துப்படி.

நான் ஸ்கீயில ஏறினதே இல்லை, புத்தி சொல்ல அருகதை கிடையாது. இருந்தாலும் கேட்டுட்டேன், "கீழ பள்ளம் இருந்திருந்தா?"

"இல்லையே!"ன்னு சிரிச்சார். வர்ற சனிக்கிழமை மறுபடி போறாராம். தப்பிச்சதா நினைக்கிறாரா, பாஸானதா நினைக்கிறாரான்னு தெரியலை. ரெண்டும் ஒண்ணு இல்லீங்களே.