ஐந்து டிகிரியில் அக்னி நட்சத்திரம்

காலையில் உடுப்பு மாட்டுவதே பெரிய படலமாகிவிட்டது. கம்பளிப் பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் காற்றுப் புகாத கோட்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். மே மாத மத்தியானத்தில் உளுந்தூர்பேட்டை டோல்கேட்டில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு பஸ்ஸுக்கு நின்ற உடம்பு இது! போதாததற்குக் கப்பல் ஊழியர் ஒருவர் என் கோட்டுப் பைகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினார். பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கச் சொன்னார். வெளியூர் விதை ஒன்றுகூட அண்டார்க்டிகா மண்ணில் விழக் கூடாதாம். எந்த ஊர்க்காரன் என்று விசாரித்து, பையில் உளுந்து இருக்கும் என்று சந்தேகப்பட்டாரோ என்னவோ.

அர்ஜென்டினாவின் உசுவாயாவில் கப்பலேறி, ட்ரேக் நீரிணையின் 800 கிலோமீட்டரையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கடந்து, கிங் ஜார்ஜ் தீவுக்கு வந்திருந்தோம். ரப்பர் படகு கரையை நெருங்கும் முன்பே நாற்றம் எதிர்கொண்டு அழைத்தது: கடலூர் துறைமுகத்தில் கருவாடு காயும்போது மழை பிடித்துக்கொண்ட மாதிரி. எல்லாம் பென்குயின்களின் கைங்கரியம். ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது நமக்குத்தான் சட்டம். ஒன்று நேராக வந்து, என்கூட வந்திருந்த மச்சானின் பூட்ஸைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

கருங்கூழாங்கற்களுக்கிடையில் வெள்ளையாக ஓர் ஓட்டுத் துண்டு கிடந்தது. முட்டை ஓடுபோல் மெல்லிசு. குனிந்து பார்க்கலாம், எடுத்துவரக் கூடாது. இந்தக் குளிரில் மட்டியா?

இருக்கிறதாம். சாயங்காலம் கப்பலின் நீர்மூழ்கி வீராங்கனை, கடலடியில் தான் எடுத்த படத்தைத் திரையில் ஓட்டினார். சேறு, சேறு, சேற்றில் இரட்டை ஓட்டை. அவர் விரலை நீட்டியதும் பழுப்புப் புள்ளி போட்ட குழாய் ஒன்று சரக்கென்று உள்ளே போய்விட்டது. அதுதான் லாட்டெர்னுலா எலிப்டிகா. உடம்பு அரை மீட்டர் ஆழத்தில்கூடப் புதைந்திருக்கும். அந்தக் குழாய் வழியாகவே மூச்சும் சாப்பாடும். ஓடு 10 சென்டிமீட்டர்வரை வளரும், ஆயுசு முப்பது வருஷத்தைத் தாண்டும். அண்டார்க்டிகாவைச் சுற்றிலும் இதன் குடியிருப்புதான்.

“ஏன் மாப்ள, குழம்பு வச்சா எப்படி இருக்கும்?” என்று மச்சான் காதில் கிசுகிசுத்தார். நல்லவேளை, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது.

அடுத்து அவர் சொன்னதில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குளிர்காலத்தில் இந்தக் கடல் மைனஸ் 1.8 டிகிரிக்கு இறங்கும், கோடையில் பூஜ்யத்துக்கு மேல் ஒன்றிரண்டு டிகிரிவரை ஏறும். அவ்வளவுதான் இந்த மட்டி அறிந்த பருவங்கள். லாய்ட் பெக் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரின் குழு 2004இல் வெளியிட்ட சோதனையில், தண்ணீர் இரண்டரை டிகிரியை நெருங்கியபோதே பாதி மட்டிகளால் மண்ணில் மறுபடி புதைய முடியவில்லை. ஐந்து டிகிரியில் ஒன்றாலும் முடியவில்லை. ஐந்து டிகிரி! எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்தாலே அது தவித்துப்போகும். நாற்பதைத் தாண்டினாலும் டீ குடிக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

புதைய முடியாவிட்டால் என்ன குறைந்துவிடும்? மிதக்கும் பனிமலையின் அடிப்பாகம் கடலடியை உழுதுகொண்டு போகும்போது மட்டிகள் வெளியே புரட்டிப் போடப்படுகின்றன. ஒரு மீட்டருக்கு மேல் நீளும் புழு ஒன்று, மீன், நட்சத்திரமீன் என்று பந்திக்கு ஆள் தயார். சின்னவை சீக்கிரம் மண்ணுக்குள் போய்விடும்; கிழடுகள் தடுமாறும்.

யோசித்துப் பார்த்தால் இந்த இடம் நமக்கு அந்நியமில்லை. நம் கிழக்குக் கரையும் இந்தக் கண்டமும் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஒட்டிக் கிடந்தவை. பிரிந்த பின் புகுந்த கடலின் சிப்பிகள் எங்கள் ஊருக்குத் தெற்கே அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் கல்லாகிக் கிடக்கின்றன. பங்காளி வீட்டுக்கு இவ்வளவு தாமதமாக வந்திருக்கிறோமே என்று தோன்றியது.

இரவு பத்து மணிக்கும் வெளியே வெளிச்சம். தீவின் பாட்டர் குடாவில் பனியாறு பின்வாங்கிக்கொண்டே போகிறது, உருகும் தண்ணீர் வண்டலை அள்ளிவந்து இந்த மட்டிகள்மேல் கொட்டுகிறது என்றார் அந்தம்மா. நாளைக்கு அந்தப் பக்கம் போவோமா என்று கேட்டேன். காற்று விட்டால் போகலாம் என்றார். மச்சான் அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர் தேடப் போய்விட்டார்.