சீலிங் ஃபேனுக்குச் சொந்தக்காரன்... இந்தச் சண்டைக்கார மோட்டார்!

திருச்சி மன்னார்புரம் ஜங்ஷனில் ஒரு டி.வி.எஸ் ஐக்யூப் ஸ்கூட்டர் வந்து நின்றால், அதன் பின்சக்கரத்தைக் கவனியுங்கள். செயின் இல்லை, பெல்ட் இல்லை. மோட்டாரே சக்கரத்துக்குள் இருக்கிறது. இதுதான் ஹப் மோட்டார். நம் வீட்டு சீலிங் ஃபேனும் கிட்டத்தட்ட இப்படித்தான். நடுவில் காயில் அசையாமல் இருக்க, வெளிக்கூடு இறக்கைகளோடு சுற்றும். இறக்கைக்குப் பதிலாக எஃகு பிளேடு பொருத்தினால்? குட்டிச் சண்டை ரோபோவுக்கு ஆயுதம் ரெடி!

1994-ல் சான் பிரான்சிஸ்கோவில் மார்க் தோர்ப் தொடங்கிவைத்த ரோபோ சண்டை, இன்று ஐ.ஐ.டி பம்பாயின் டெக்ஃபெஸ்ட் வரை வந்துவிட்டது. இதில் 'ஆன்ட்வெயிட்' என்ற எறும்புப் பிரிவு ரோபோவின் மொத்த எடையே 454 கிராம்தான். பேட்டரி, சக்கரம், ஆயுதம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதனால்தான் பெல்ட்டையும் புல்லியையும் தூக்கிப்போட்டுவிட்டு, ஆயுதத்துக்குள்ளேயே மோட்டாரை வைக்கிறார்கள்.

கடையில் கிடைக்கும் ட்ரோன் மோட்டார் போதாதா? அது காற்றைத் தள்ளப் பிறந்தது. இரும்பில் மோதினால் அதன் மெல்லிய ஷாஃப்ட் வளைந்துவிடும். அதனால், உள்ளே இருக்கும் காயில் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வெளிக்கூட்டையும் தடித்த ஷாஃப்ட்டையும் லேத்தில் கடைந்துகொள்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் படித்த சார்லஸ் குவான், குட்டி ஸ்கூட்டர் சக்கரத்துக்குள் தானே மோட்டார் செய்து, அந்தச் செய்முறையை எல்லோருக்குமாக எழுதியும் வைத்தார். பெரிய மனசு!

தலைவலியே காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான். அரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கினால் நல்ல இழுவை கிடைக்கும். ஆனால், ஓர் அடியில் கூடு லேசாக நசுங்கினாலும் காந்தம் காயிலில் உரசி நொறுங்கிவிடும். இடைவெளியைக் கூட்டினால் அடி தாங்கும், இழுவை குறையும். பாடுபட்டுச் செய்த மோட்டார் மூன்று நிமிடச் சண்டையைத் தாக்குப்பிடிக்குமா என்பது இங்கேதான் முடிவாகிறது. சூடு இன்னொரு எதிரி. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும். ஆறினாலும் முழுதாகத் திரும்பாது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று. 100 கிராம் எடை, 15 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 15,000 முறை சுற்றினால், அதன் நுனி மணிக்கு 420 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். 10 கிலோ அரிசி மூட்டை எட்டடி உயரத்திலிருந்து விழுந்தால் என்ன அடியோ, அதே அடி. ஹாலில் வைத்துச் சுற்றிப் பார்க்கும் சமாசாரம் இல்லை இது. பாலிகார்பனேட் தடுப்புப் பெட்டிக்குள், ஆயுதத்துக்குப் பூட்டு போட்டு, பேட்டரியைக் கடைசியாகத்தான் இணைக்க வேண்டும்.

காயில் கட்டுவதற்கு மட்டும் குறுக்குவழி கிடையாது. 12 பல், 14 காந்தம் என்பது பலரும் விரும்பும் அமைப்பு. ஒவ்வொரு பல்லிலும் எத்தனை சுற்று என்று எண்ணி எண்ணிக் கையால் சுற்ற வேண்டும். சுற்று குறைந்தால் வேகம் கூடும், கூடவே கரன்ட்டும் சூடும் கூடும். எனாமல் கம்பி ஓரிடத்தில் உரிந்தாலும் ஷார்ட்தான். தெருமுனையில் ஃபேனுக்கும் தண்ணி மோட்டாருக்கும் காயில் கட்டும் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், கம்பியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவர் விரலாலேயே சொல்லிவிடுவார்.