வாயை ஊதிக் காட்டு

குடித்தால்தான் எனக்கு நகைச்சுவை வரும் என்று வெகுகாலம் நம்பினேன். நம்பினேன் என்பதுகூடப் பொய். அப்படிச் சொல்லிக்கொண்டு குடித்தேன். கடையத்துக்காரனுக்குச் சாக்கும் கைவசம் உண்டு. பாரதியின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர். 1918 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்த பாரதி இங்கே வந்து 1920 வரை இருந்தார். யாராவது புத்தி சொன்னால், “பாரதியே அபின் தின்றவர்தானே” என்பேன். அவர் பாட்டில் ஒன்றைக்கூட முழுசாகச் சொல்லத் தெரியாதவன், அபினை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சரக்கு உள்ளே போனதும் நான் செய்த காமெடி மிமிக்ரி. கூட்டாளியின் திக்குவாய், டீக்கடைக்காரரின் நொண்டி நடை, பெரும்பாலும் என் மனைவியின் பேச்சு. வட்டிக்காரரிடம் அவள் தவணை கேட்டுக் கெஞ்சிய குரலை அப்படியே நடித்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கடன் வாங்கியது நான்.

குடியை விட்டபின் அதே கூட்டத்தோடு சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். என் இடத்தில் இன்னொருவன். சொன்ன கதையையே திரும்பச் சொன்னான், திரும்பச் சிரித்தார்கள். நானும் இந்த லட்சணத்தில்தான் இருந்திருப்பேன்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போனேன். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத்தரகரும் ஒரு டாக்டரும், இருவருமே குடிநோயாளிகள், தொடங்கியது. அழுகை இருக்கும் என்று போனால் ஒரே சிரிப்பு. ஆனால் அங்கே அவனவன் தன் கதையைத்தான் சொல்கிறான். என் முறை வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவரை வைத்தே பிழைத்த வாய்.

போன அருவி சீசனில் தென்காசியிலிருந்து பாபநாசம் போகிற பஸ்ஸில் ஏறினேன். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அதற்குள் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டுவிட்ட ஒரு வெளியூர்க்காரர், உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் வழிய, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் சொன்னார்: “அண்ணாச்சி, கம்பியை விட்டுருங்க. நீங்க விழுந்தா நீங்க ஒருத்தர்தான். பிடிச்சீங்கன்னா பின்னால பிடிக்கிறவன் பூரா விழுவான்.” அந்த மனுஷரே முதலில் சிரித்துவிட்டார். நான் பாவூர்சத்திரம் வரை அடக்க முடியாமல் சிரித்தேன். பக்கத்தில் எங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். “ஏய்யா, காலையிலேயேவா? எங்கே, வாயை ஊதிக் காட்டு.” ஊதிக் காட்டினேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வராததற்கு நான்தான் காரணம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொன்னேன், கண்டக்டர் குரலிலேயே. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை. மிமிக்ரி என்றாலே அவள் முகம் இறுகிவிடுகிறது. குடியை விட்டதற்கு ஊரே என்னைப் பாராட்டுகிறது. அந்தக் கெஞ்சல் குரலுக்காக அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.