பலாமர நிழலும் செய்மதித் தட்டும்

ஒரு புதுப்பொருள் வீட்டிற்கு வந்து சேர்ந்த பின் உண்டாகும் ஆரவாரத்தினும், அது வருவதற்கு முன் நிகழும் ஆரவாரமே பெரிது. எமது இல்லத்திற்குச் செய்மதித் தொலைக்காட்சி பெறுவதென்று முடிவானது மாசிமகத்திற்கு முதற் கிழமையில். மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதியுலா முடித்து இருப்புக்கு வந்த பின்னரே ஆள் அனுப்ப இயலும் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். தேர்க் காலத்தில் மாத்தளையில் வேறு எந்த வேலைதான் நடக்கும்? ஆகவே ஆயத்தம் செய்வதற்கு எமக்கு இரண்டு கிழமை அவகாசம் கிடைத்தது. அவ்வவகாசத்தில் வீடு பட்ட பாட்டையே இங்கு கூற முற்படுகின்றோம்.

இத்தனை காலம் இன்றி இப்பொழுது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் எம் அன்னையார். அவருடைய தங்கை, எமக்குச் சின்னம்மா, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் வாழ்கின்றார். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அப்பங்கீட்டில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இரண்டு நாட்டவராயினர். சின்னம்மா குடும்பம் மாத்தளையில் ரயிலேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பலும் 1984 இல் நின்றுபோயிற்று.

இப்பொழுது கைத்தொலைபேசியில் சகோதரிகள் இருவரும் முகம் பார்த்துப் பேசுகின்றனர். ஆயின், பேசுவதற்குப் பொருள் வேண்டுமன்றோ? நோய் நொடிகளும் பேரப்பிள்ளைகளும் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பின்னர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி மௌனமாய் இருப்பார்கள். ஒரு நாள் சின்னம்மாதான் சொன்னார்: "அக்கா, நான் ராத்திரி பாக்கிற நாடகத்தை நீயும் பாரு. மறுநாள் அதைப் பத்திப் பேசலாம்." இந்த ஒரு சொல்லுக்காகவே தட்டு வாங்குவதென்று தீர்மானித்தோம்.

சாதாரண அன்டெனாவில் அந்த அலைவரிசை கிடையாது. அதுவுமன்றி, எமது வீடு இரத்தோட்டைக்குச் செல்லும் பாதையில், நான்கு புறமும் மேடுகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தில் அமைந்தது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் மதிலென நிற்கின்றது. ரூபவாஹினி 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கிய பின், நாம் அப்பொழுது வாழ்ந்த தோட்டத்திற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வந்தது. லயத்தில் மின்சாரம் இல்லை. மோட்டார் வண்டி பற்றரியை டவுனுக்குத் தூக்கிச் சென்று மின்னேற்றி வந்து, அதில் படம் பார்த்தோம். மூங்கில் உச்சியில் அன்டெனா, அதன் அடியில் ஒருவர், வாசலில் ஒருவர், பெட்டியின் முன் முப்பது பேர். "இன்னும் கொஞ்சம் திருப்பு! ஐயோ, விடு விடு, போயிருச்சு!" என்ற கூக்குரல் இன்றும் காதில் ஒலிக்கின்றது. படத்தில் மழை பொழிவது போன்ற புள்ளிகளுக்கிடையே ஒரு முகம் தெரிந்துவிட்டால் போதும், அனைவரும் கைதட்டுவோம்.

தேர் முடிந்த மூன்றாம் நாள் இடம் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். பொறுமையும் தொழிலறிவும் உடையவர். திசைகாட்டியைத் தகரக் கூரைக்கு அருகே வைத்தால் முள் பிழையாகக் காட்டும் என்று, முற்றத்தின் நடுவே சென்று நின்று பார்த்தார். எமது நாட்டுச் சேவைக்குரிய செய்மதி கிழக்கு நெடுங்கோடு 45 பாகைக்கு அருகே, சோமாலியாவின் கரைக்கு அப்பால் இந்துமாக்கடலின் மேலே நிற்பது. மாத்தளையிலிருந்து பார்த்தால் அது மேற்கே, சற்றுத் தெற்குச் சாய்ந்து, அடிவானத்திற்கு மேல் ஏறக்குறைய 48 பாகை உயரத்தில் இருக்கும். அத்துணை உயரத்தில் மலைகள் குறுக்கிட மாட்டா. எம் நெஞ்சம் குளிர்ந்தது. அடுத்த கணமே இளைஞரின் பார்வை முன் வளவிலிருந்த பலாமரத்தின் மீது விழுந்தது.

"ஐயா, மலை மறைக்காது. இந்த மரம்தான் மறைக்குது. முன் சுவரிலதான் தட்டைப் பூட்டணும், வயரும் கிட்ட. மேல இருக்கிற ரெண்டு மூணு கொப்பை இறக்கினாப் போதும். முழுசா எடுத்துட்டீங்கன்னா இன்னும் நல்லம்."

திண்ணையிலிருந்த அன்னையார் இதைக் கேட்டார். "தம்பி, மரத்துல கை வச்சா எனக்குப் படமும் வேணாம், பாட்டும் வேணாம். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிட்டு வாங்க" என்று எழுந்து உள்ளே சென்றுவிட்டார்.

அன்னையாரின் சினத்திற்குக் காரணமுண்டு. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது, தோட்டப்புறங்களே கொடும் பசியை அனுபவித்தன. மாவுக்கும் அரிசிக்கும் மக்கள் தவித்த அந்நாள்களில், எமது லயத்தின் பின்புறத்தில் நின்ற ஒரு பலாமரம் பத்துக் குடும்பங்களுக்குச் சோறிட்டது. காயை அவித்தார்கள், பழத்தை உண்டார்கள், கொட்டையைச் சுட்டார்கள். சிங்கள மக்கள் பலாவைச் 'சோற்று மரம்' என்று பொருள்படும் பெயரால் அழைப்பது வெறும் புகழ்ச்சியன்று. தோட்டத்தை விட்டு இக்காணிக்கு வந்தபொழுது, அம்மரத்தின் கொட்டை ஒன்றை முந்தானையில் முடிந்து வந்து அன்னையார் ஊன்றியதே இம்மரம். அன்றியும், அனுமதியின்றிப் பலாவை வெட்டுவது இந்நாட்டில் சட்ட விரோதம் என்பதையும் வாசகர் அறிந்திருப்பர்.

இக்கட்டான இந்நிலையில் ஒரு நண்பர் வேறொரு வழி சொன்னார். இந்தியச் சேவைகளுக்குரிய செய்மதிகளுட் சில எமக்கு ஏறக்குறைய உச்சியிலேயே நிற்கின்றன. அவற்றிற்கு மரம் தடையாகாது. பெட்டியையும் அட்டையையும் யாரையாவது கொண்டு தருவித்துவிடலாம் என்றார். பலரும் அவ்வாறு செய்கின்றனர் என்பது உண்மையே. ஆயினும் அவை இந்திய முகவரிக்கென விற்கப்படுபவை. ஒரு நாள் அட்டை நின்றுபோனால் எவரிடம் சென்று முறையிடுவது? முறையிடத்தான் முகம் ஏது? நண்பருக்கு நன்றி கூறி அனுப்பிவைத்தோம்.

வழி காட்டியவள் எம் மூத்த மகள். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கின்றாள். இரவுச் சாப்பாட்டின்போது அவள் ஆதர் சீ. கிளார்க்கைப் பற்றிக் கூறத் தொடங்கினாள். 1945 ஆம் ஆண்டு ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் சஞ்சிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய கோட்டிற்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு கோளை ஓடவிட்டால், அது பூமியைச் சுற்றும் நேரமும் பூமி தன்னைத்தான் சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடும். கீழிருந்து நோக்குவோர்க்கு அது வானில் ஆணி அடித்தாற் போல் அசையாது நிற்கும். அத்தகைய மூன்று கோள்களால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்பதே அதன் சாரம். அன்று அது கற்பனை. அவர் 1956 இல் எம் நாட்டில் குடியேறி, 2008 ஆம் ஆண்டு மார்ச் 19 ஆம் நாள் கொழும்பில் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்தார்.

இதனினும் சுவையானது 1975 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்ற செய்மதியை ஓராண்டு இரவல் பெற்று, இந்திய விண்வெளி நிறுவனம் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியது. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையால் ஆன 3 மீற்றர் தட்டுகளைக் கிராமங்களில் நிறுத்தினர். அவ்வேளையில் அந்நிறுவனத்துப் பொறியியலாளர்கள் கொழும்புக்கு வந்து, கிளார்க்கின் இல்லத்திலும் ஒரு தட்டைப் பொருத்திக் கொடுத்தனர். இலங்கையில் அப்பொழுது தொலைக்காட்சி நிலையமே கிடையாது. முதல் நிலையம் தொடங்கியது 1979 இல். நிலையம் பிறக்குமுன் தட்டுப் பிறந்த நாடு நம் நாடு! ஓராண்டு முடிந்ததும் செய்மதி திரும்பிப் போயிற்று. கனவு கண்டவரின் வீட்டிற்கே அக்கனவு இறங்கி வந்து, ஓராண்டு விருந்துண்டு சென்றதென்றால் அதைப் பேறு என்பதா, ஏக்கம் என்பதா?

(ஒரு வேடிக்கை: பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்ற பெரியார், நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை நடத்தி, மக்களால் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா என்று அழைக்கப்பட்டவர். ஓர் ஆதர் தட்டை வை என்கிறார். மற்றோர் ஆதர் பலாவை நடு என்கிறார். எம் வளவில் இருவருக்கும் வழக்கு!)

மகள் கூறிய உபாயம் இது. செய்மதி நிற்பது பூமத்திய கோட்டிற்கு மேல். சூரியனோ மார்ச் 20, 21 ஆம் நாள்களில் அக்கோட்டிற்கு நேர்மேலாக வருகின்றான். நாம் கோட்டிற்கு ஏழரைப் பாகை வடக்கே இருப்பதால், எமக்குச் செய்மதி சற்றுத் தெற்கே தள்ளித் தோன்றும். ஆதலால் அதற்குச் சில நாள்கள் முன்னதாக, மார்ச் நடுப்பகுதியிலேயே, சூரியன் செய்மதி நிற்கும் இடத்தை வானிற் கடந்து செல்வான். எமது செய்மதிக்கு அந்நேரம் பிற்பகல் 3 மணியளவு. செப்டெம்பர்க் கடைசியிலும் இவ்வாறே ஒரு முறை நிகழும். ஆகவே அந்த நேரத்தில் வளவில் எங்கெங்கு வெயில் விழுகின்றதோ அங்கெல்லாம் செய்மதி தெரியும்; எங்கெங்கு நிழலோ அங்கெல்லாம் தெரியாது. "கருவி எதற்கு அப்பா? நிழலையே கேட்போம்" என்றாள்.

முதல் நாள் மூன்று மணிக்கு மேகம் வந்து எம்மை ஏமாற்றியது. மறுநாள் வானம் துப்புரவாக இருந்தது. அன்னையார் கோலமாவுக் கிண்ணத்துடன் வந்து நின்றார். மகள் கடிகாரத்தைப் பார்த்து "இப்ப" என்று சொன்னதும், பலாமரத்தின் நிழல் விளிம்பைச் சுற்றி மாவினால் கோடிழுத்தோம். நிழல் முன் சுவரை முழுவதும் விழுங்கியிருந்தது. இளைஞர் கூறியது சரியே. ஆனால் வீட்டின் தெற்கு மூலையில், குளியலறையின் கொங்கிரீட் தட்டின் மேல், வெயில் பளீரென்று எரிந்தது. அதே வேளையில் அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு வந்து, வெட்ட வெயிலில் தம் வீட்டுப் படம் சில நிமிடமாகக் கலைந்து தடுமாறுவதாக முறையிட்டார். தட்டுக்கு நேர் பின்னே சூரியன் வந்து நின்றால் அதன் இரைச்சலில் செய்மதியின் மெல்லிய குரல் அமிழ்ந்துவிடும் என்று மகள் விளக்கினாள். அவருக்கு வருத்தம், எமக்கோ கணக்குப் பிழைக்கவில்லை என்ற பெருமகிழ்ச்சி.

பொருத்தும் நாளில் இளைஞர் முதலில் முணுமுணுத்தார். வயர் இருமடங்கு நீளம். அதற்குரிய காசும் இருமடங்கு. கொடுத்தோம். இடையில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக இழுத்து, சுவருக்குள் நுழையுமுன் வயரைச் சற்றுத் தொங்க வளைத்து விட்டார்; மழைநீர் வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. கம்பத்தை நூற்குண்டு பிடித்து நிறுத்தினார். தட்டு ஒரு பாகை விலகினாலும் அங்கே 600 கிலோமீற்றருக்கு மேல் விலகிவிடும் என்பதால், இந்த நுட்பம் வீணன்று. இடமாற்றத்தினால் எதிர்பாராத ஒரு நன்மையும் கிட்டியது. மாத்தளைக் குரங்குகளின் அட்டகாசம் அறியாதார் யார்? அவை பலாக்கொப்பிலிருந்து குதிப்பது முன் கூரைக்குத்தான். தட்டு அங்கிருந்தால் அதுவே அவற்றின் ஊஞ்சலாகியிருக்கும்.

அன்னையார் தட்டை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, வானத்தைப் பார்க்கும்னீங்க. இது அடுத்த வீட்டு முருங்கையையில பார்க்குது?" என்றார். இளைஞர் சிரித்தார். கிண்ணம் போன்ற தட்டின் முழு வட்டத்தையும் வைக்காமல் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்த வடிவம் இது. ஆகையால் அது நோக்குவதாகத் தோன்றும் திசையைவிட இருபது பாகைக்கு மேல் உயரத்திலிருந்து வருவதையே வாங்கும் என்று விளக்கினார். அன்னையாருக்குத் திருப்தியில்லை. ஆயினும் அன்றிரவு சின்னம்மாவின் நாடகம் தெளிவாகத் தெரிந்ததும், தட்டின் பார்வையைப் பற்றி அவர் பின்னர் எதுவும் கேட்கவில்லை.

சித்திரைப் புத்தாண்டு நெருங்கிய ஒரு நாள், பிற்பகலிற் தொடங்கிய இடிமழை இரவாகியும் ஓயவில்லை. நாடகத்தில் நாயகியின் தாய் கடிதத்தைப் பிரிக்கும் கட்டம். படம் சதுரஞ் சதுரமாக உடைந்து, உறைந்து, மறைந்தது. மழைத்துளிகள் அலையைக் குடித்துவிட்டன. அதற்குள் மின்னலும் வலுத்ததால், மின்செருகியையும் தட்டிலிருந்து வரும் வயரையும் கழற்றி வைத்தோம். இருட்டில் அன்னையார் தொலைபேசியைத் தேடி எடுத்தார்.

"தங்கச்சி, கடுதாசியில என்னடி இருந்துச்சு?"

அங்கே கூடலூரில் சின்னம்மா தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்தபடி, நடப்பதை வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போனார். நடுவே நிறுத்தி, "மழைச் சத்தம் கேட்குதே அக்கா. பலாவுல காய் நிக்குதா?" என்று கேட்டார்.

"இந்த வருசம் அடிமரத்திலயே காய்ச்சிருக்கு" என்றார் அன்னையார். நாடகம் முடிந்த பின்னும் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.