அழுதால் நிற்கும் இராட்டினம்

துறை மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவர்கள், "ஐயா, இம்முறை சங்க இலக்கியம் வேண்டாம், வீட்டிலுள்ளவர்களும் படிக்கும்படி ஏதேனும் எழுதித் தாருங்கள்" என்றனர். தமிழ்த்துறை மாணவரே இவ்வாறு கூறக் கேட்பது ஆசிரியனுக்குப் பெருமை தரும் செய்தியன்று. ஆயினும் அவர்கள் மனம் அன்று வேறிடத்தில் இருந்தது. 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டது முதல், தண்டவாளத்திற்குக் கீழே கால்கள் அந்தரத்தில் தொங்கப் பறந்து செல்லும் 'தஞ்சோரா'வில் ஏறியவர் யார், ஏற அஞ்சியவர் யார் என்பதே வகுப்பறையின் தலையாய வழக்காகிவிட்டது. அவர்களுள் ஒருவர், "உங்கள் சின்ன மகனையும் ஒருநாள் பூங்காவிற்கு அழைத்துச் செல்லுங்கள் ஐயா" என்றார். மகனுக்கு வயது நான்கு. நான்கு வயதுக் குழந்தையைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்வது பற்றி எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அதனையே எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம். இராட்டினம் என்றால் எங்கள் வீட்டில் முதலில் நினைவுக்கு வருவது விளையாட்டன்று, பிழைப்பு. பட்டுத் தறி வைத்திருந்தோர்க்கு என் தாயார் தார் சுற்றிக் கொடுத்து வந்தார். ஊடைக்குரிய பட்டிழையைச் சிறு தாரில் ஏற்றும் கை இராட்டினம் அது. வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை விரல்களுக்கிடையே இழை ஓடும். இழை அறுந்தால் அக்கணமே சக்கரம் நின்றுவிடும். அறுந்ததை அவர் கண்ணால் பார்ப்பதில்லை, விரலால் அறிவார். அடுப்பில் கொதிக்கும் உலையைப் பார்த்துக்கொண்டும், எங்களை அதட்டிக்கொண்டும் அவர் சுற்றுவதை நான் வியந்து பார்த்ததுண்டு.

விளையாட்டு இராட்டினத்தை நான் கண்டது வைகாசி மாதத்தில், வரதராசப் பெருமாள் கோயில் கருட சேவையின்போது. அந்நாளில் சுற்றுவட்டாரம் முழுவதும் காஞ்சி வீதிகளில்தான் இருக்கும். எங்கள் அத்தாவும் என்னை மிதிவண்டியின் முன்கம்பியில் அமர்த்தி அழைத்துச் செல்வார். மரச்சட்டங்களில் நான்கு தொட்டில்கள் தொங்கும் சிறிய இராட்டினம். மின்சாரம் இல்லை, எந்திரம் இல்லை. ஒரு முதியவர் சட்டத்தைக் கையால் பற்றித் தள்ளிச் சுற்றுவார். முதன்முறை தொட்டில் உச்சிக்குச் சென்றபோது நான் வீறிட்டு அழுதேன். முதியவர் சட்டத்தை மார்போடு அணைத்து நிறுத்தி, மெல்லக் கீழிறக்கி, என்னைத் தூக்கி அத்தாவிடம் தந்துவிட்டு, அடுத்த சிறுவனை ஏற்றிக்கொண்டார். காசைத் திருப்பித் தரவில்லை என்பதில் அத்தாவுக்குச் சிறு மனக்குறை. அந்த மரச்சட்டத்தின் உறுதியை அந்நாளில் எவர் சோதித்தார் என்று கேட்டால் விடையில்லை. இடுப்புக்கு ஒரு கயிறு கூடக் கிடையாது. பழையன யாவும் பாதுகாப்பானவை என்று சொல்ல நான் முன்வரவில்லை. அழுதால் அது நின்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

1995ஆம் ஆண்டு தாம்பரம் அருகே கிஷ்கிந்தா திறக்கப்பட்டபோது நான் பள்ளி மாணவன். 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்னும் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் உருவாக்கிய பூங்கா அது. பள்ளிச் சுற்றுலாவிற்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பணம் கட்ட இயலாமல் பின்வாங்கியவர்களுள் நானும் ஒருவன். சென்று வந்தவர்கள் ஒரு மாதம் வரை அதையே பேசினர். அந்த ஏக்கம் எத்தகைய வடிவில் திரும்பி வரும் என்று நான் அன்று அறியேன்.

2011ஆம் ஆண்டு மே மாத விடுமுறை. கல்லூரிப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மூத்த மகளுக்கு அப்போது நான்கு வயது. தம்பி குடும்பமும் மைத்துனர் குடும்பமுமாகப் பதினொருவர் ஒரு வேனில் பூங்கா ஒன்றிற்குச் சென்றோம். எந்தப் பூங்கா என்பது இங்கே வேண்டா, பிழை என்னுடையது. நுழைவுச் சீட்டு வாங்கினால் எல்லாவற்றிலும் ஏறலாம் என்னும் முறை. எனவே கொடுத்த பணத்தை ஏறிய எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் கணக்கு மண்டைக்குள் ஓடத் தொடங்கியது. குட்டி ரயிலில் ஒருமுறை, குதிரை இராட்டினத்தில் ஒருமுறை. மகள் மீண்டும் ரயிலுக்கே போகலாம் என்றாள். "அதுதான் ஏறியாச்சே" என்று கூறி, முன்னும் பின்னும் ஊசலாடும் பெரிய கப்பலின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன். நம் மக்கள் கொலம்பஸ் என்று அழைக்கும் அதே கப்பல்.

வரிசையின் தலைப்பில் ஒரு கரடிப் பொம்மையின் படம். கரடி கையை நீட்டிக்கொண்டிருந்தது. அக்கைக்கு மேலே தலை எட்டினால்தான் அனுமதி. மகள் இரு விரற்கடை குறைவாக நின்றாள். நான் குனிந்து அவள் காதில், "குதிகாலைத் தூக்கு" என்றேன். தூக்கினாள். அங்கு நின்ற இளைஞர் கண்டாரோ, காணாதிருந்தாரோ, வழிவிட்டார். அவரை நான் குறை கூறமாட்டேன். அவருக்கு முன்னே நூறு பேர் நின்றனர். குழந்தைக்குப் பொய் சொல்லக் கற்பித்தவன் நான்.

ஓர் இருக்கை வரிசைக்கு ஒரே தடுப்புக் கம்பி. எனக்கும் தம்பிக்கும் நடுவே அவளை அமர்த்தினோம். கம்பி இறங்கி எங்கள் தொடைகளில் வந்து அழுந்தி நின்றது. பெரியவர்களின் பருமனுக்கு நின்றுவிட்ட கம்பி குழந்தையைத் தொடவே இல்லை; அவள் மடிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் வெளி. உயரக் குறியீடு எதற்காக வைக்கப்படுகிறது என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். கம்பி பிடிப்பதற்கு ஓர் உடல் வேண்டும். கால் ஊன்றத் தரை எட்ட வேண்டும். கைப்பிடியைப் பற்ற விரல் நீளம் வேண்டும். பூங்காக்காரர் குழந்தைகளின் இன்பத்தைத் தடுப்பதற்காக அக்கரடியை நிறுத்தவில்லை. கப்பல் உச்சிக்குப் போய் ஒரு கணம் தயங்கிக் கீழ்நோக்கி விழும்போது உடல் எடையற்றதாகிறது. அந்தக் கணத்தில் அவள் இருக்கையிலிருந்து எழும்பி முன்னே சறுக்கினாள். இடக்கையால் அவள் கவுனைப் பற்றி இடுப்போடு இறுக்கிக்கொண்டேன். "அத்தா, நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். நானும் கத்தினேன். ஒலிபெருக்கியில் திரைப்பாடல்; கப்பலில் அத்தனை பேரும் மகிழ்ச்சியில் கத்திக்கொண்டிருந்தனர். என் கூச்சலும் அவற்றுள் ஒன்றாகவே இயக்குபவரின் செவியில் விழுந்திருக்கும். வைத்த நேரம் முடியும்வரை அது நிற்கவில்லை. மூன்று நிமிடம் இருக்கலாம்.

இறங்கிய பின் மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீடு வரும்வரை பேசவில்லை. உடலில் ஒரு கீறலும் இல்லை, இறைவனுக்கே புகழ். ஆனால் கூடத்து ஊஞ்சலில் ஏற அதன்பின் பல மாதங்கள் மறுத்தாள். என் தாயார் நடந்ததைக் கேட்டார். குதிகாலை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னேன்.

"புள்ள அழுதுச்சுல்ல, அப்ப நிறுத்தலையா?"

"அது மோட்டார்ம்மா. நடுவுல நிறுத்த மாட்டாங்க."

"இழை அறுந்தா நிக்காத ராட்டினத்துல புள்ளைய ஏன்டா ஒக்கார வெச்சே?"

விடை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இதில் நகைப்பிற்குரியது ஒன்று உண்டு. எம்ஃபில் பட்டத்திற்கு நான் ஆய்வு செய்தது பிள்ளைத்தமிழ். குழந்தைக்கு எந்தப் பருவத்தில் எது இயலும் என்பதைப் பத்துப் பருவங்களாக வகுத்துக்கொண்ட இலக்கிய வகை அது. தலை நிமிர்த்தி ஆடும்போது செங்கீரை, கைகொட்டத் தெரிந்தபோது சப்பாணி, தளர்நடை வந்தபோது வருகை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில் சிறுதேர். பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில் ஊசல். நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவர்களும் இவ்வரிசையைப் போற்றினர். ஊசலைக் கொண்டுபோய் எவரும் செங்கீரைக்கு முன்னே வைக்கவில்லை. இதனையெல்லாம் ஏடு ஏடாக எழுதிப் பட்டம் பெற்றவன்தான் குதிகாலைத் தூக்கச் சொன்னான்.

மாணவர் வேண்டாமென்றாலும் சங்க இலக்கியத்தில் ஓரிடத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்த சிறுதேரை உருட்டித் திரிந்த சிறுவர்கள், நடந்த களைப்புத் தீரப் பாலருந்திப் படுக்கையில் உறங்குகின்றனர். அத்தேர் ஏறிச் செல்வதற்குரியதன்று; உருட்டுவதற்கே உரியது. அதன் வேகம் சிறுவனின் கால் வேகம். அவன் நின்றால் தேரும் நிற்கும். என் தாயாரின் இராட்டினமும், கருட சேவை முதியவரின் இராட்டினமும், இந்தச் சிறுதேரும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.

1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தைத் திறந்த வால்ட் டிஸ்னி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் தம் மகள்கள் குதிரை இராட்டினத்தில் சுற்ற, தாம் ஓரத்துப் பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவ்வெண்ணம் உதித்ததாகக் கூறியிருக்கிறார். பெற்றோரும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. நல்ல முடிவுதான். எனினும் 2011இல் நான் அந்தப் பெஞ்சிலேயே அமர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவ்வாண்டு பொங்கல் விடுமுறையில் மகனை வேறொரு பூங்காவிற்கு அழைத்துச் செல்ல முடிவாயிற்று. என் மனைவிக்கு விருப்பமில்லை. 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் இராட்டினம் உயரத்திலேயே நின்றுவிட, பெண்களும் குழந்தைகளும் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புத் துறையினர் இறக்கிய செய்தியை அவர் மறக்கவில்லை. புறப்படுவதற்கு முன்னாள் மகனைக் கதவு நிலையோரம் நிறுத்தி அளந்தேன். குதிகால் தரையில் படிந்திருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன். 101 சென்டிமீட்டர். உலக நலவாழ்வு அமைப்பின் வளர்ச்சி அட்டவணையில் நான்கு வயதுக்கு நடுத்தர உயரம் ஏறத்தாழ 103. பெரிய விளையாட்டுகள் பலவற்றிற்கும் 120, 140 என்று கேட்பார்கள். அவற்றின் பெயரையே அவனிடம் எடுக்கவில்லை. ஏற முடியாததைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு வாயிலில் திருப்பி அழைத்து வருவது கொடுமை.

பத்தொன்பது வயதாகும் மூத்த மகளும் உடன் வந்தாள். எதிலும் ஏறும் முன் ஒரு சுற்று முழுவதையும் வெளியே நின்று பார்ப்பது என்பது அவள் வகுத்த விதி. கார்கள் ஒன்றோடொன்று மோதும் டேஷிங் காரைத் தம்பிக்கு வேண்டாமென்றாள். சிறு குழந்தைக்குத் தலை கனம், கழுத்து மெலிது, மோதும்போது வெட்டி இழுக்கும் என்றாள். அங்கும் வயது வரம்பு எழுதியிருந்தது. குதிரை இராட்டினத்தில் மேலும் கீழும் ஏறி இறங்கும் குதிரையை மகன் ஐயத்தோடு பார்த்தான். "பையன்னா பயப்படலாமா?" என்று பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அன்போடுதான் கேட்டார். நானும் ஒருகாலத்தில் அதையே கேட்டவன். அசையாத பெஞ்சு ஒன்று அதன் நடுவே இருந்தது. அதில் அவனும் நானும் அமர்ந்து சுற்றினோம்.

குட்டி ரயிலில் பெரியவர்க்கு இடமில்லை; குழந்தைகள் மட்டுமே. இயக்கும் பெண்மணியிடம் சென்று, "நடுவில் அழுதால் நிறுத்துவீர்களா அம்மா?" என்று கேட்டேன். "இதோ சார், செவப்பு பட்டன். நீங்க கையக் காட்டுங்க, நிறுத்திடறேன்" என்றார். பிஸ்மில்லாஹ் சொல்லி அமர்த்தினோம். இரண்டாம் சுற்றில் ரயில் சிறு குகைக்குள் நுழைந்து வெளிவந்தபோது அவன் முகம் மாறியிருந்தது, இன்னும் அழவில்லை. நான் கையை உயர்த்துவதற்குள் மகளின் கை உயர்ந்துவிட்டது. ரயில் நின்றது. மற்றக் குழந்தைகளின் பெற்றோர் சற்று முகஞ்சுளித்தனர். அவன் இறங்கி அக்காளின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்றுகள் பார்த்தான். பின்னர், "நான் மறுபடி போறேன்" என்றான். நிற்கும் என்று அறிந்துகொண்டான் போலும். அதன்பின் ஏழு முறை.

நாங்கள் இருவரும் வேலியோரம் நின்றிருந்தோம். மகள் ரயிலைப் பார்த்தபடியே, "அத்தா, அன்னைக்கு என்னைக் குதிகாலத் தூக்கச் சொன்னீங்கல்ல?" என்றாள்.

பதினைந்து ஆண்டுகளாக எவரிடமும் நான் சொல்லாத செய்தி அது. "உனக்கு நினைவிருக்கா?" என்றேன்.

"கரடி ஞாபகம் இருக்கு. கால் வலிச்சது ஞாபகம் இருக்கு."

"தப்பு என்னுதும்மா. மன்னிச்சுடு" என்றேன். வகுப்பறையில் நாள்தோறும் பேசுபவனுக்கு அதற்குமேல் சொல் வரவில்லை. அவள் ஒன்றும் கூறவில்லை. ரயில் மீண்டும் குகைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கையை வேலிக்கு மேலே, உயர்த்துவதற்கு ஆயத்தமாக வைத்துக்கொண்டாள்.

முசரவாக்கம் வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பதாகிவிட்டது. மகன் என் தோளில் உறங்கிக்கொண்டிருந்தான். தாயார் கதவைத் திறந்து, "எதெதுல ஏறினான்?" என்று கேட்டார்.

"ரயில்லம்மா. நிறுத்தச் சொல்லி ஒரு தடவை, அப்புறம் ஏழு தடவை."

"மத்ததுல?"

"குதிரைல ஒரு தடவை. அவ்வளவுதான்."

"இதுக்கா அவ்வளவு காசு?" என்று சொல்லிக்கொண்டே அவர் பேரனுக்குப் பாயை விரித்தார்.