பானைக்குள் பூட்டிய சாமை

கொல்லிமலை சோளக்காட்டுச் சந்தையில் எதையோ கேட்டுவிட்டு வந்த பேரன், "ஆயா, இனி யாருக்கும் விதை கொடுக்காதே. எவனாவது வாங்கிட்டுப் போய் காப்புரிமை எடுத்துட்டா, நம்ம சாமையை நாமளே விதைக்க முடியாது" என்றான். மறுநாள் விதை கேட்டு வந்த பக்கத்துக் காட்டுக்காரி வெறுங்கையோடு திரும்பினாள். ஆயாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. முன்பு தன் விதை வண்டடித்தபோது, கட்டவெட்டிச் சாமை தந்து காப்பாற்றியவளே அவள்தான்.

பேரனின் பயத்துக்குக் காரணம் உண்டு. மஞ்சள் காயம் ஆற்றும் என்பதற்கே 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது.

வேளாண் அலுவலர் அவனுக்கு விளக்கினார்: 'இந்தியாவில் விதைக்கோ, பயிர் ரகத்துக்கோ காப்புரிமை கிடையாது. 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ம் பிரிவுப்படி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பாதுகாப்பு பெற்ற ரகத்தை பிராண்டு பெயரிட்டு விற்பதற்கு மட்டும்தான் தடை. உழவர்கள் தங்கள் ரகத்தைக் கட்டணமில்லாமல் பதிவும் செய்யலாம்.'

கேட்ட ஆயா, "பானையில பூட்டி வெச்சா வண்டுதான்டா உரிமை கொண்டாடும்" என்று சொல்லி, ஒரு படி சாமையை அளந்து எடுத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்கு நடந்தார். பேரன் பதிவு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தான்.